இன்ஜின் செஞ்ச பிறகும் மிஸ்ஸிங் போகலையா? கார்ப்பைக் கடைசியில தொடுங்க (கேள்வி பதில்)

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய கார் வெச்சிருக்கிறவங்க கேட்ட கேள்விகளும் பதில்களும். (மிஸ்ஸிங்னா சிலிண்டர் சரியா அடிக்காம விடுறது, கார்ப்னா கார்புரேட்டர்.) முக்கால்வாசிப் பேர் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரைப் பற்றிக் கேட்டிருப்பதால், கீழே தரும் அளவுகள் அந்த இன்ஜினுக்கானவை. மற்ற வண்டிக்கு அதனதன் மேனுவலைப் பாருங்க.

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, போர் பண்ணி பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு போட்டாச்சு. ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஐடிலிங்ல உதறுது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா கார்ப் வழியா டப் டப்புன்னு அடிக்குது. கார்ப்பை மாத்தணும்கிறாங்க. மாத்தலாமா?

பதில்: மாத்தாதீங்க தம்பி. பிரிக்கிறதுக்கு முன்னாடி அதே கார்ப்லதான் வண்டி ஓடியிருக்கு. கழற்றி மாட்டின இடத்திலதான் முதலில் தேடணும். ஸ்க்ரூவைத் திருப்ப ஆரம்பிச்சா இருக்கிற தப்போட இன்னொரு தப்பும் சேரும், அப்புறம் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

இன்ஜின் ஓடும்போது ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றா எடுத்து எடுத்து மாட்டுங்க. எதை எடுத்தாலும் உதறல் கூடணும். கூடவில்லை என்றால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. 2, 3 இரண்டும் செத்து, 1, 4 மட்டும் அடிச்சா, வயர் வரிசை திரும்பியிருக்கு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். வயரைக் கடிகாரம் சுற்றும் திசையில் வரிசைப்படுத்தினால் 1, 4 சரியான இடத்திலேயே இருக்கும், 2-ம் 3-ம் மட்டும் இடம் மாறும். வண்டி ஸ்டார்ட்டும் ஆகும், கார்ப் வழியா டப் டப்பும் வரும். நீங்க சொல்ற சத்தம் அப்படியே இதுக்குப் பொருந்துது. கேப்பைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றி, ரோட்டார் போகும் திசையைக் கண்ணால் பார்த்துவிட்டு வயரை மாட்டுங்க.

வயர் சரியாக இருந்தால் அடுத்தது டேப்பட், அதாவது வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. இன்ஜின் ஆறியிருக்கணும், இடைவெளி 0.015 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு இருக்கு: 8-வது வால்வு முழுசாத் திறந்திருக்கும்போது 1-ஐப் பாருங்க, 7 திறந்தால் 2, 6 திறந்தால் 3, 5 திறந்தால் 4. திருப்பியும் அப்படியே, இரண்டையும் கூட்டினால் எப்பவும் ஒன்பதுதான். ஃபீலர் கேஜை விடும் முன்னாடி ராக்கரைக் கொஞ்சம் தூக்கி, நுனியின் அடியில் நகத்தால் தடவிப் பாருங்க. வருஷக்கணக்கா வால்வு முனை அடிச்ச பள்ளம் நகத்தில் தட்டும். கேஜ் தகடு அந்தப் பள்ளத்துக்கு மேலே பாலம் மாதிரி நின்றுவிடும். 0.015 என்று காட்டும், உள்ளே இடைவெளி அதைவிட அதிகம். இன்ஜினுக்கு அவ்வளவு செலவு பண்ணிட்டு பழைய ராக்கரையே மாட்டினால் டக் டக் சத்தம் போகவே போகாது.

கேள்வி (காவேரிப்பட்டணம்): கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் வரும் அழுத்தம், பி.எஸ்.ஐ. கணக்கில்) பார்த்தோம் சார். 140, 138, 72, 75. ரிங் போயிடுச்சா?

பதில்: பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் ஒண்ணா இறங்கியிருந்தால் ரிங்கை விட, நடுவில் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வைக்கும் தகடு) விட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உறுதி பண்ண, 3-லும் 4-லும் பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. நல்லா ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் கேஸ்கட் அல்லது வால்வு. பார்க்கும்போது நாலு பிளக்கும் கழற்றியிருக்கணும், ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிச்சிருக்கணும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கணும். அப்படி இல்லாமல் எடுத்த அளவை நம்ப முடியாது.

ஹெட்டைக் கழற்றினால் நேர்கோல் வைத்துப் பாருங்க. எங்கேயாவது 0.05 மி.மீ. கேஜ் தாராளமா நுழைந்தால் ஹெட்டை லேத்தில் முகம் வெட்டணும். அந்த வளைவின் மேல் புது கேஸ்கட் போட்டாலும் நிற்காது. மாட்டும்போது நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமா, மூணு நாலு சுற்றாக முறுக்குங்க. ஒருமுறை நல்லா சூடாக்கி, முழுசா ஆறவிட்டு, மறுபடி டார்க் (நட்டின் முறுக்கு அளவு) பாருங்க. கேஸ்கட் அமுங்கினதில் டேப்பட் இடைவெளி குறைந்திருக்கும், அதனால் டேப்பட்டும் மறுபடி வைக்கணும். புதுசா செஞ்ச இன்ஜின் நானூறு ஐநூறு கிலோமீட்டரில் மிஸ் அடிக்க ஆரம்பிக்கிறது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையை விட்டதால்தான்.

கேள்வி (ஓசூர்): வேக்குவம் கேஜ் (இன்ஜின் உறிஞ்சுற அளவைக் காட்டுறது) 16 அங்குலத்திலதான் நிற்குது. மேனுவல்ல 17-லிருந்து 21-ன்னு இருக்கு. ஏர் லீக்கா?

பதில்: முள் ஆடாமல் நின்றால் கவலைப்படாதீங்க. அந்த அளவு கடல் மட்டத்துக்கு. ஆயிரம் அடி ஏற ஏற சுமார் ஒரு அங்குலம் குறையும். ஓசூர் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரம், அங்கே 16 நல்ல அளவு. தர்மபுரியில் ஒன்றரை அங்குலம் கழித்துக்கொண்டால் போதும். முள் சீராகத் துடித்தால்தான் ஏதோ ஒரு வால்வைச் சந்தேகப்படணும்.

ஆனாலும் மானிஃபோல்டு பற்றி ஒரு வார்த்தை. இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இரண்டையும் ஒரே பெரிய வாஷர் அழுத்திப் பிடிக்கும். ஒன்றின் விளிம்பை மட்டும் லேத்தில் வெட்டியிருந்தால் வாஷர் தடித்த பக்கத்தில் உட்கார்ந்துவிடும், மெல்லிய பக்கம் காற்று இழுக்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்க, ஐடிலிங் சத்தம் மாறும். கார்ப் கிளீனரோ பெட்ரோலோ அடிக்காதீங்க. அடியிலேயே எக்ஸாஸ்ட் கொதிக்குது, தீப்பிடிக்கும்.

கேள்வி (அரூர்): கார்ப் கிட் போட்டா மிஸ்ஸிங் போகுமா?

பதில்: பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. கார்ப் கடைசி.

கேள்வி (பர்கூர்): எல்லாம் இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) வந்ததிலிருந்துதான் அண்ணா. இன்ஜின்ல தப்பே இல்லை.

கேள்வி (ஊத்தங்கரை): நானும் அதேதான் சொல்றேன். எத்தனால்தான் பழைய வண்டியைக் கொல்லுது.

கேள்வி (ஓசூர்): என் பத்மினி கார் இ20-லதான் ஓடுது, ஒரு மிஸ்ஸிங்கும் இல்லையே?

பதில்: மூணு பேருக்கும் சேர்த்து. பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் ஒரே கார்ப்லிருந்துதான் போகுது. ஒரு சிலிண்டரோ இரண்டு சிலிண்டரோ மட்டும் மிஸ் அடிச்சா அது இ20-ஆல் வந்ததில்லை. இதை மறந்துட்டு பெட்ரோலைத் திட்டினால் எரிந்துபோன வால்வு உள்ளேயே இருக்கும்.

இ20 செய்வது வேறு. பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.7 பங்கு காற்று, இ20-க்கு சுமார் 13.5. பழைய செட்டிங்கில் விட்டால் நாலு சிலிண்டரும் லீன் ஆகும் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு): ஐடிலிங் தளரும், பிக்கப்பில் தயங்கும், பிளக் வெளுக்கும். எஸ்.யூ. கார்ப் என்றால், டைமிங், டேப்பட், ஏர் லீக் மூணும் சரியான பிறகு, ஜெட் நட்டை ஒரு முகம் (நட்டின் ஒரு பக்க அளவு), மிஞ்சினால் இரண்டு முகம் கீழே இறக்குங்க. கார்ப்பின் பிஸ்டனை அடியிலுள்ள சின்னக் குச்சியால் (பின்) ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்க. சத்தம் கொஞ்சம் ஏறி உடனே இறங்கினால் சரி. ஏறி நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). வண்டி அணைந்தால் இன்னும் லீன்.

ரப்பர் விஷயத்தில் ஊத்தங்கரைக்காரர் பயம் நியாயம். பழைய ஓஸும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி மெத்துப்போகும். எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சடித்த ஓஸ் கேட்டு வாங்குங்க. டேங்கில் பல வருஷம் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், முதல் சில டேங்குக்கு ஃபில்டரை அடிக்கடி பாருங்க. மாசக்கணக்கா நிறுத்தப்போறீங்கன்னா டேங்கை அப்படியே விடாதீங்க. தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கும்.

கேள்வி (பர்கூர்): அப்போ ஏதாவது ஆக்டேன் பூஸ்டர்?

பதில்: எத்தனாலுக்கே ஆக்டேன் அதிகம். காசை ஓஸுக்குச் செலவு பண்ணுங்க.

கேள்வி (காரிமங்கலம்): சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் இரண்டு நிமிஷம் நல்லா இழுத்து, அப்புறம் செத்துப்போகுது. நிறுத்தி எடுத்தா மறுபடி ஓடுது.

பதில்: நல்ல கேள்வி. கார்ப்பின் ஃப்ளோட் சேம்பரில் இருக்கிற பெட்ரோல் தீர்ந்து, மேற்கொண்டு வரத்து போதவில்லை. அடுத்தமுறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றோட்ட ஓட்டை அடைப்பு. இல்லையென்றால் கார்ப் பக்கத்து பைப்பைக் கழற்றி பாட்டிலில் விட்டு கிராங்க் பண்ணுங்க. ஒவ்வொரு அடிக்கும் கெட்டியாகப் பீய்ச்சணும். நுரையோடு வந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரை எங்கேயோ காற்று இழுக்குது. அதோடு டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து ரோட்டாரைக் கையால் திருப்பி விடுங்க. தானாகத் துள்ளித் திரும்பி வரவில்லை என்றால் அட்வான்ஸ் எடைக் கட்டை இறுகியிருக்கு.

கேள்வி (பென்னாகரம்): சூடானதும் மிஸ்ஸிங். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற கான்டாக்ட்) நீலமா பளிச்சுன்னு வெட்டுது.

பதில்: கண்டென்சர் போயிருக்கு. பாயிண்டையும் சேர்த்து மாற்றி, 0.015 அங்குலம் வையுங்க. பிளக் இடைவெளி 0.025.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): புது இன்ஜினை ஒரு வாரம் ஐடிலிங்ல ஓட விட்டா ரிங் உட்காரும்னு சொன்னாங்க.

பதில்: தயவுசெய்து வேண்டாம். லோடு இல்லாமல் ஓடினால் ரிங்கைச் சுவரோடு அழுத்த வாயு அழுத்தம் போதாது, சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி மெருகேறிவிடும், அப்புறம் ஆயில் குடிக்கும். முதல் ஸ்டார்ட்டில் கேம் ஷாஃப்டுக்காக 2,000 ஆர்.பி.எம்மில் இருபது நிமிஷம், ஆயில் பிரஷரையும் டெம்பரேச்சரையும் பார்த்துக்கொண்டே. பிறகு ரோட்டுக்கு எடுத்துப்போய், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்க. டாப் கியரில் திணறவும் விடாதீங்க.

கேள்வி (பாப்பாரப்பட்டி): டீசல் அம்பாசடர் கறுப்புப் புகை?

பதில்: டீசல் பம்ப் டெஸ்ட் பெஞ்ச் வெச்சிருப்பவரிடம் காட்டுங்க. அது என் வேலை இல்லை.

கேள்வி (மத்தூர்): எஸ்.யூ.-வை எடுத்துட்டு வேற கார்ப் போடலாமா?

பதில்: முதலில் கம்ப்ரஷன் அளவு நாலையும் எழுதி அனுப்புங்க.