புது கேம்பர் வேனை (படுக்கை, சமையல் வசதியுள்ள வேன்) டெலிவரி எடுக்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறீர்கள், அடுத்த வாரம் டெலிவரி என்று கேட்டிருக்கிறீர்கள். பூமாலை, எலுமிச்சம்பழம், போட்டோ என்று ஆரம்பித்துவிட்டால் பிறகு எதையும் பார்க்க முடியாது. காலையிலேயே போய்விடுங்கள், பாதி நாள் வேண்டும்.

முதலில் தண்ணீர். டேங்கை முழுக்க நிரப்பச் சொல்லி, எல்லாக் குழாயையும் திறந்து, காற்று வெளியேறியதும் மூடுங்கள். பம்ப் நின்றுவிட வேண்டும். குழாய் மூடியிருக்கும்போதே அவ்வப்போது 'டர்ர்' என்று ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. சிங்க்குக்கு அடியில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு கிளாம்ப்பை முறுக்காமலே விட்டிருந்தது அப்படித்தான் தெரிந்தது. கூரை ஜன்னல் மேலும் பத்து நிமிடம் ஹோஸ் பைப்பால் அடிக்கச் சொல்லுங்கள். பெங்களூரு மழை காத்திருக்காது.

கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் லீக். தீக்குச்சியெல்லாம் வேண்டாம், சாமி! வெளிக்கரண்ட் செருகியிருக்கும்போது ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும்.

டயரில் 2324 என்றிருந்தால் 2024-இன் 23-வது வாரத் தயாரிப்பு. ஸ்டெப்னியையும் பாருங்கள். சேஸிஸ் நம்பர் 17 எழுத்தும் பேப்பரோடு ஒத்துப்போக வேண்டும்.

குறைகளை டெலிவரி நோட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "அப்புறம் பண்ணிக்கலாம் சார்" செல்லாது.

ஒன்று மறந்தேன்: ஏசியோடு சேர்த்து மொத்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நுழையுமா?