அட்டையை எடுத்த இடத்தில் வையுங்கள்

அன்புள்ள மேடம்,

என் மகளுக்கு 22 வயது. ராத்திரியில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுகிறாள், அப்புறம் வாந்தி. கோபம் வந்தால் கையைக் கீறிக்கொள்கிறாள். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், அதாவது உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் போகிற மனநலக் கோளாறு என்று சொல்லி, டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு அட்டை கொடுத்து, அன்றைய உணர்ச்சியும் தன்னைக் காயப்படுத்தத் தோன்றுவதும் எவ்வளவு என்று தினமும் 0 முதல் 5 வரை மார்க் போடச் சொல்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன், ரிப்போர்ட் கார்டு மாதிரி இருக்கிறது. இதற்கு ஒரு வருடமா? பாதி நடிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த அட்டையை எடுத்த இடத்திலேயே வையுங்கள். நீங்கள் பார்ப்பது தெரிந்தால் நாளை முதல் எல்லாக் கட்டத்திலும் 0 போட்டு வைப்பாள், அதோடு தெரபி அம்பேல்.

நடிப்பாம்! டி.பி.டி.யை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், 1961-ல் தன் 17 வயதில், அங்கே ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனைக்குப் போய், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தவர். பேராசிரியராகிப் பேர் வாங்கிய பிறகும் அதை வெளியில் சொல்ல அவருக்கு 2011 வரை ஆனது. உங்கள் பெண் இந்த வயதிலேயே அட்டையில் எழுதுகிறாள்.

ஒரு வருடம் ஏன் என்பதைத் தெரபிஸ்ட்டிடமே கேளுங்கள். வாந்தி தொடர்ந்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும், டாக்டரிடம் சொல்லி ரத்தம் பார்த்துவிடுங்கள்.

அட்டையில் போடும் அந்த எண்களை வைத்துத்தான் தெரபியில் பின்னோக்கிப் போவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பிஸ்கட் பாக்கெட் காலியானது, அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று கண்ணி கண்ணியாக. பெரும்பாலும் அது மதியம் யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் போய் நிற்கும். நம் வீடுகளில் அந்த வார்த்தைக்கா பஞ்சம்? "வாங்க" என்பதற்கு முன்னாலேயே "பெருத்துட்டியே", "இளைச்சுட்டியே" வந்துவிடுகிறது. உடம்பை அளக்காமல் ஒரு ஆளை வரவேற்கவே நமக்குத் தெரியாது.

நானும் ஒழுங்கில்லை. ஒரு வளைகாப்புப் பந்தியில் என் சித்தி மகளிடம், "என்னடி, ஒரு சுத்து போட்டுட்டே" என்று சிரித்தேன். லட்டைப் பாதி பிட்டிருந்தவள் அப்படியே இலையில் வைத்தாள். சாயங்காலம் பாத்ரூமில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது, தண்ணீர் வீணாகிறதே என்று நான் கதவைத் தட்டிக் கத்தினேன். அது எதற்காக ஓடியது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் பார்த்ததுமே "இளைச்சுட்டியே" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன்.