அடுப்பங்கரைப் பதில்கள்: நெய்க்குப் பதில் கொக்கோ பட்டரா?

கேள்வி: அக்கா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் வீகனாகிவிட்டாள். பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. தீபாவளிக்கு கொக்கோ பட்டரில் மைசூர் பாகு கிண்டலாமா? அது வீகன்தானா? — வாசகி, செந்தூல்

பதில்: வீகன்தான், சந்தேகமே வேண்டாம். கொக்கோக் கொட்டையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, அழுத்திப் பிழிந்தால் வருவதுதான் கொக்கோ பட்டர். மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கொக்கோ பவுடர். மாட்டுக்கு இதில் வேலையே இல்லை.

ஆனால் மைசூர் பாகுக்கு வேண்டாம். தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கிறவள் என்பதால் சொல்கிறேன். நெய் நம் ஊர்ச் சூட்டில் குழைந்தே கிடக்கும். கொக்கோ பட்டர் 34 டிகிரியை நெருங்கினால்தான் உருகும். கோலாலம்பூர் வீட்டு மேசையில் கட்டியாகவே நிற்கும். பாகு ஆறியதும் தாத்தா பாட்டி கடிக்க மாட்டார்கள். வாசனை நீக்காத வகையென்றால் சாக்லேட் வாசனை கடலை மாவை அமுக்கிவிடும். வாசனை நீக்கியது என்றால், எதற்கு அவ்வளவு காசு? 2024-இல் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. மைசூர் பாகுக்குத் தேங்காய் எண்ணெயே போதும், கொஞ்சம் இளக்கமாக வரும், அவ்வளவுதான்.

கொக்கோ பட்டரை அதற்கேற்ற பலகாரத்தில் போடுங்கள். கெட்டித் தேங்காய்ப்பாலில் குலா மெலாக்காவை (தென்னை வெல்லம்) கரைத்து, அடி பிடிக்காமல் சுண்டக் கிண்டுங்கள். முந்திரிப் பொடியும் கொக்கோ பவுடரும் சேருங்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய கொக்கோ பட்டர் இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கத்தி சுத்தமாக இறங்கும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி இல்லையா, வாயில் போட்டதும் கரையும். நெய் போட்ட பர்பியைவிட எனக்கு இது பிடிக்கும். மாமியார்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: கொக்கோ பட்டர் கொழுப்பு கொலஸ்ட்ராலை ஏற்றாது, தினமும் காப்பியில் ஒரு கரண்டி போடலாம் என்கிறார் நண்பர். உண்மையா? — வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பாதி உண்மை. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம்; அது கெட்ட கொலஸ்ட்ராலைப் பெரிதாக ஏற்றுவதில்லை. நண்பர் விட்டுவிட்டது பால்மிட்டிக் அமிலத்தை. அது ஏறக்குறையக் கால் பங்கு இருக்கிறது, கொலஸ்ட்ராலை ஏற்றவும் செய்யும். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி, 8 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. புரதம் கிடையாது, இரும்புச் சத்தும் இல்லை என்றே சொல்லலாம். கொக்கோவின் நல்ல பெயருக்குக் காரணமான பாலிஃபீனால்கள் பெரும்பாலும் பவுடரோடு போய்விடுகின்றன. நீங்களும் வீகன் என்றால் அந்தக் காசுக்கு டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) வாங்குங்கள், வைட்டமின் பி12-க்கு மாத்திரை எடுங்கள். காப்பி காப்பியாகவே இருக்கட்டும்.

கேள்வி: சாக்லேட் உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? — வாசகி, கெப்போங்

பதில்: கூடாது. இந்தியாவிலிருந்து வரும் பொருள்களில் பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்கிறது, பால் சைவத்தில் சேர்த்தி. ஹலால் முத்திரையும் இதற்கு உதவாது. வெள்ளை சாக்லேட் கொக்கோ பட்டரில் செய்ததுதான், ஆனால் பால் பவுடரும் சேர்ந்திருக்கும். விலை மலிந்த சமையல் சாக்லேட்டில் கொக்கோ பட்டருக்குப் பதில் பெரும்பாலும் செம்பனை (பாமாயில் தரும் பனை) கொட்டைக் கொழுப்பு. அதில் பால் இல்லாமல் இருக்கலாம், ஆனால் காட்டை அழிக்கிறார்கள் என்று செம்பனையை ஒதுக்கும் வீகன்களும் உண்டு, பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். மற்றபடி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் 'சுசு' (மலாயில் பால்), 'வே', 'கேசின்' (இரண்டும் பாலிலிருந்து வருபவை) எது இருந்தாலும் பொட்டலத்தைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுங்கள்.