மனசுக்கு வைத்தியம்: இன்சூரன்ஸில் எது கிடைக்கும்?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் தங்கச்சிமடம், வேலை சென்னையில். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எல்லை தாண்டியதாகப் பிடித்து இலங்கைச் சிறையில் வைத்திருந்தார்கள். வந்ததிலிருந்து தூக்கமில்லை, படகு எஞ்சின் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. ராமநாதபுரத்தில் மனநல டாக்டர் மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை கவுன்சலிங் போகச் சொன்னார். ஒரு தடவைக்கு 800 ரூபாய். என் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா பெயரும் இருக்கிறது. ஆனால் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 'மனசு சம்பந்தப்பட்டதுக்கெல்லாம் பணம் வராது' என்கிறார். உண்மையா? டாக்டர் சீட்டு வேண்டுமா?

பதில்: தங்கச்சி, ஏஜென்ட் சொன்னது தப்பு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடம்பு நோய்க்கு எப்படி மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மன நோய் என்ற காரணத்துக்காக மட்டும் பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஆணையமும் சொல்லிவிட்டது.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் விற்கிற பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், அதுவும் பொதுவாக 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும். வாரம் ஒருநாள் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவது ஓபி கணக்கு. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்த ஃபீஸ் எப்படி வராதோ அப்படித்தான் இதுவும் வராது. அதனால் உங்கள் எச்ஆரிடம் மொட்டையாக 'மனநலம் கவராகுமா' என்று கேட்காதீர்கள், ஆகும் என்றுதான் சொல்வார்கள். 'ஓபி கவர் இருக்கிறதா, அது பெற்றோருக்கும் உண்டா, அதில் கவுன்சலிங் சேருமா, வருஷத்துக்கு எவ்வளவு வரை' என்று நாலையும் மெயிலில் கேளுங்கள், பதிலும் மெயிலில் வரட்டும். போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

ஓபி கவர் இருந்தால் டாக்டர் சீட்டுதான் உயிர். என் தம்பிக்கு ஒரு கிளெய்ம் திரும்பி வந்தது. மெடிக்கல் ஷாப் பில் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் 'கவுன்சலிங் தேவை' என்று ஒரே வரி, சீல் பாதி அழிந்து கிடந்தது. என்ன நோய், எத்தனை தடவை எதுவுமே இல்லை. மறுபடி டாக்டரிடம் போய் நோயின் பெயர், எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை தடவை என்று லெட்டர்ஹெட்டில் பதிவு எண்ணோடு எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. நீங்கள் முதல் தடவையே அப்படி வாங்கிவிடுங்கள். கவுன்சலிங் தருகிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணும் ஒவ்வொரு ரசீதிலும் இருக்கட்டும்.

ஓபி கவர் இல்லையா? பணத்துக்காக அப்பாவை அட்மிட் பண்ணலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிறையிலிருந்து வந்த மனுஷனை மறுபடி ஒரு அறைக்குள் அடைப்பதா? டாக்டரே அட்மிஷன் அவசியம் என்றால் அது வேறு. அப்போது அட்மிஷனுக்கு முன்னும் டிஸ்சார்ஜுக்குப் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கான ஓபி செலவையும் பல பாலிசிகள் தரும், கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது, செலவில்லை. ராத்திரி அப்பா தவிக்கிற நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், அதுவும் இலவசம்.

ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்வார்கள். போவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். மனஅழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது தனியாக பாலிசி எடுக்கப் போகிறேன். அதை மறைத்துவிடச் சொல்கிறார்கள், மறைக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. மறைத்தது தெரிந்தால் நாளைக்கு வேறு நோய்க்குப் படுத்தால்கூட அதையே காட்டி கிளெய்மை நிறுத்திவிடுவார்கள், பாலிசியே ரத்தாகலாம். சொல்லி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய் என்று அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கச் சொல்லலாம், அதற்கு மேல் முடியாது. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். பாலிசி கைக்கு வந்ததும் விலக்குகள் என்று போட்டிருக்கிற பக்கத்தை முழுக்கப் படியுங்கள், பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாளைக்கு கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் போடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.