வழக்கு போட்டாச்சு, சம்பளம் எங்கே?

கேள்வி: ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஜவுளிக்கடை திறந்திருந்தது. தொழிலாளர் உதவி ஆய்வாளர் வந்தார், பதிவேடுகளைப் பார்த்தார், எங்களையும் விசாரித்தார். முதலாளி மீது நடவடிக்கை என்று மறுநாள் பேப்பரிலும் வந்தது. இரண்டு மாதமாகியும் இரட்டைச் சம்பளம் வரவில்லை. ‘அப்புறம் ஒருநாள் லீவு எடுத்துக்கோங்க’ என்று மேனேஜர் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஆய்வாளருக்கு இதை வாங்கித்தர அதிகாரம் இல்லையா?
- விற்பனையாளர், ஈரோடு

பதில்: நேரடியாக இல்லை. கடைக்குள் நுழையலாம், வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். கல்லாவைத் திறந்து உங்கள் கூலியை எண்ணி வைக்கச் சொல்ல முடியாது. கோர்ட்டில் கட்டும் அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும், உங்களுக்குச் சல்லிக்காசு வராது. பேப்பரை நம்பிச் சம்பளக் கவருக்குக் காத்திருந்தது உங்கள் தப்பில்லை. ‘அதிரடி ஆய்வு’ என்று தலைப்பு போடுகிறவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று எழுதுவதே இல்லை. (எங்களையும் சேர்த்துத்தான்.)

தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் பண்டிகைக்கு ஐந்து நாளும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கவே கூடாது என்றில்லை. 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நகலை ஆய்வாளருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத கடைதான் மாட்டுகிறது.

மேனேஜர் பேச்சுக்கு வருவோம். இரட்டைச் சம்பளமா, அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுப்பா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் தொழிலாளிக்குத்தான் கொடுத்திருக்கிறது. நடுவில் நாட்டாமை செய்ய இவர் யார்? அதுவும் தேதி சொல்லாத லீவு! தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று கூட்டம் வரிசைகட்டும் கடையில் அந்த ‘ஒருநாள்’ எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாதா?

கூலி பாக்கி தனி மனுவாகப் போக வேண்டும், அதை விசாரிக்கத் தனி அதிகாரி உண்டு. மனுவை நீங்கள் போடலாம், சங்கம் போடலாம், ஆய்வாளரே போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வேலை போய்விடுமோ என்று பயந்தால், பத்துப் பேராகப் போய் தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வாய்ச் சொல்லாக வேண்டாம். கொடுத்ததற்கு நகலில் சீல் வாங்குங்கள். அன்று ஆய்வாளரிடம் நீங்கள் சொன்னதையும் அதில் எழுதுங்கள்.

அதற்கு முன் ஒன்று. மேனேஜர் நீட்டிய தாளில் என்ன எழுதியிருந்தது? ‘மாற்று விடுப்பு பெற்றுக்கொண்டேன்’ என்றா? படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?