சிங்கமும் யானையும் திரியும் ஆப்பிரிக்கக் காட்டில் வழிகாட்டியோடு சைக்கிளில் போவது பாதுகாப்பானதா? 15 வயது மகனை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம். உங்கள் மகன் மலைச்சைக்கிள் நன்றாக ஓட்டுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கை உயர்ந்ததும் அவன் சட்டென்று நிற்பானா, நின்றபின் வாய் திறக்காமல் இருப்பானா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஜூலை மாதம் போட்ஸ்வானாவின் கிழக்கு மூலையில் உள்ள துலி பகுதிக்குப் போய் மூன்று நாள் சைக்கிளில் சுற்றினேன். லிம்போபோ, ஷாஷே என்ற இரண்டு ஆறுகளும் கூடும் இடம் அது. போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாட்டு எல்லைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. பான்ட்டிரிஃப்ட் எல்லைச் சாவடியைத் தாண்டினால் லிம்போபோ. வெள்ளம் வந்துவிட்டால் கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். நான் போனபோது ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.

சைக்கிளுக்கென்று அங்கே தனியாகப் பாதை போட்டு வைக்கவில்லை. பெரும்பாலும் யானைத் தடங்களில்தான் போகிறோம். தண்ணீர் தேடித் தலைமுறை தலைமுறையாக யானைகள் நடந்து நடந்து உண்டான தடங்கள் அவை. ஒன்றரை முழ அகலம்தான் இருக்கும். கற்கள் ஒதுங்கி, மண் இறுகி, களத்துமேடு போல வழவழப்பாக இருக்கிறது. மேடு வந்தால் நேராக ஏறாமல், சரிவு குறைந்த பக்கமாக வளைந்து ஏறுகிறது. சாலை போடும் பொறியாளர்கூட அதைவிட நல்ல வழியைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். இருபுறமும் யானைகள் முறித்துத் தின்று இடுப்பளவுக்குக் குறுகிப்போன மோப்பானி செடிகள்.

முதல் நாள் காலை, வழிகாட்டி எங்களை ஒரு காலடித் தடத்தின் அருகே குனியச் சொன்னார். முன்காலின் தடம் வட்டமாக இருக்கும், பின்காலின் தடம் நீள்வட்டமாக இருக்கும். பாதத்தின் வெடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் தூசியில் அச்சுக் குத்தியதுபோலத் தெரிந்தன. அவற்றின்மேல் எறும்பு ஊர்ந்த சுவடுகூட இல்லை. பக்கத்தில் கிடந்த சாணத்தைப் பிளந்து உள்ளே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ட்லோ" என்றார். ஸெட்ஸ்வானா மொழியில் யானை. சூடு இன்னும் ஆறவில்லையாம். உடனே வழியை மாற்றிக்கொண்டார். அந்தக் கூட்டத்தை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. நம் பாதுகாப்பு அவருடைய முதுகில் தொங்கும் துப்பாக்கியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த விரலில்தான் இருக்கிறது.

ஜீப்பில் போனால் எஞ்சின் சத்தம் முன்கூட்டியே சொல்லிவிடும். நடந்து போனால் சுற்றிலும் பார்க்கவும் கேட்கவும் நேரம் கிடைக்கும். சைக்கிள் இரண்டும் கெட்டான்: நடையைவிட வேகம், ஜீப்பைவிட அமைதி. ஒரு வளைவு திரும்பினால் முன்னால் விலங்கு நிற்கும், அதுவும் திடுக்கிடும். உண்மையான ஆபத்து இதுதான். அதனால் புதர் அடர்ந்த வளைவுகளுக்கு முன்னால் வழிகாட்டி வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுப்பார். அவரை முந்தக் கூடாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். சிங்கம் எதிர்ப்பட்டால் திரும்பி மிதித்து ஓடக் கூடாது. முதுகு காட்டி ஓடுவது எதுவானாலும் சிங்கத்தின் கண்ணுக்கு இரைதான். சைக்கிளை உடம்புக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, அவர் சொல்லும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள், வறண்ட ஓடை ஒன்றின் கரையில் அவருடைய கை உயர்ந்தது. கீழே சுமார் எண்பது தப்படி தூரத்தில் ஏழு யானைகள். காலாலும் துதிக்கையாலும் மணலைத் தோண்டி, ஊறிவரும் தண்ணீருக்காகக் காத்திருந்தன. ஒரு குட்டி அவசரப்பட்டுக் குழிக்குள் காலை விட, தாய் துதிக்கையால் அதை மெல்ல ஒதுக்கியது. அப்போது காற்று திரும்பியது. கூட்டத்தின் தலைவி துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் முகர்ந்தது. காதுகள் விரிந்தன. வழிகாட்டி திரும்பிப் பார்க்காமலே, பின்னால் போகச் சொல்லிக் கையசைத்தார்.

சைக்கிளைப் பின்னால் உருட்டினால் பெடலும் சேர்ந்து சுழலும் என்பது அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை. பெடல் என் முழங்காலுக்குக் கீழே இடித்து, சங்கிலி கடகடத்தது. தலைவி ஓரடி முன்னால் வைத்தது. என் பின்னால் இருந்த இரண்டாவது வழிகாட்டி எட்டி, என் சைக்கிளின் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். சத்தம் நின்றது. இருபது தப்படி அப்படியே பின்வாங்கினோம். அதற்குப் பிறகுதான் அந்தக் காதுகள் மடங்கின. இத்தனைக்கும் நான் பத்து வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவன்.

மற்றவை சுருக்கமாக: மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள், விடியற்காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மழைக்காலத்தில் வெயிலும் மலேரியாவும் அதிகம். எப்போது போனாலும் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முள் அதிகம் என்பதால் உள்ளே பசை ஊற்றிய ட்யூப் இல்லாத டயர்தான் சரிப்படும். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும், முன்பதிவுக்கு முன்பே விசாரியுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே உங்கள் தெருவில் மகனுக்கு ஒன்றைப் பழக்குங்கள். நீங்கள் கையைத் தூக்கியதும் அவன் இறங்க வேண்டும். ஒரு கையால் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் இருபது அடி பின்னால் நடக்க வேண்டும்.