டாக்டரிடம் கேளுங்கள்: குப்புறப் படுக்க வைக்கிறது எதுக்கு?

கேள்வி: அப்பாவுக்கு நிமோனியா முத்திப்போய் ஐசியூல வெண்டிலேட்டர் போட்டாங்க. உள்ள போய் பாத்தா மனுஷன குப்புற கவுத்துப் போட்டிருக்காங்க, மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்கு. இது என்ன வைத்தியம் டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பதறித்தான் போயிருப்பீங்க. ஆனா அது நல்லா யோசிச்சு செய்ற வைத்தியம்தாம்மா. மல்லாந்து படுத்திருக்கும்போது இதயமும் வயிறும் சேந்து முதுகுப்பக்கத்து நுரையீரல அமுக்கும், நுரையீரல்ல பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கு, அங்க நீர் கோத்து காத்தறையெல்லாம் மூடிக்கிட்டாலும் ரத்தம் மட்டும் நெறைய ஓடிட்டே இருக்கும். காத்தே இல்லாத எடத்துல ரத்தம் ஓடி என்ன பிரயோஜனம்? கவுத்துப் போட்டா மூடுனது மெல்ல தெறக்கும், ஆக்சிஜன் ஏறும். 2013ல வந்த ப்ரோசேவா ஆய்வுல, பெரும்பாலும் பிரான்ஸ் ஐசியூக்கள்ல, ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புற வச்சாங்க. 28 நாளுக்குள்ள இறந்தவங்க 32.8 சதவீதத்துலேர்ந்து 16க்கு எறங்குச்சு. புது மருந்து எதுவும் இல்ல, பொரட்டிப் போட்டதுக்கே இவ்ளோ!

பொரட்டுறதும் லேசான வேலை இல்ல. தலைமாட்டுல ஒருத்தர் தொண்டைக் குழாய விடாம பிடிச்சிருப்பாரு, அவர் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னாத்தான் ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க திருப்பணும், குழாய் வெளிய வந்துச்சுன்னா அவ்ளோதான். மூஞ்சி வீக்கம் மல்லாக்க போட்டப்புறம் வடிஞ்சிரும்.

கேள்வி: வெண்டிலேட்டர் போட்டாலே நுரையீரல் கெட்டுப்போயிரும்னு வாட்சப்புல வருதே, நெசமா?
- வாசகர், தேனி

பதில்: பாதி நெசம். முன்னாடி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கிலோ எடைக்கு 12 மில்லி வரைக்கும் காத்து அடிப்பாங்க, வீங்குன நுரையீரல்ல நல்லா இருக்கிற கொஞ்ச எடமும் அதுல பலூன் மாதிரி உப்பி கிழியும். 2000ல அமெரிக்காவுல 6 மில்லியா கொறச்சுப் பாத்தாங்க, இறப்பு 39.8லேர்ந்து 31 சதவீதமாச்சு. அந்த கிலோ கூட தராசுல ஏத்தி பாக்குறது இல்ல, உயரத்த வச்சு போடுற கணக்கு. தொப்பை வளந்தா நுரையீரலுமா வளரும்?

கேள்வி: கொரோனா அப்ப நமக்கு போட்ட ஊசி சாதா பிரிட்ஜ்ல இருந்துச்சு. பைசர் ஊசிக்கு மட்டும் மைனஸ் 70 டிகிரி ஏன் சார்?
- வாசகர், நாமக்கல்

பதில்: அதுக்குள்ள இருக்கிறது எம்ஆர்என்ஏ, அதாவது ஒரு புரதத்த செய்யச் சொல்லி நம்ம செல்லுக்குக் குடுக்கிற குறிப்பு, நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளமுள்ள இழை. எங்கயாவது ஒரு எடத்துல அறுந்தாலும் மொத்தமும் வீண். தண்ணி பட்டா அறுக்க ஆரம்பிச்சிரும். நாலு வகை கொழுப்ப சேத்து ஒரு நானோ உருண்டைக்குள்ள பொதிஞ்சு வைக்கிறாங்க, ஆனா உருண்டைக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி இருக்கே, அதான் வம்பு. குளுர ஏத்துனா எல்லாம் அசையாம நிக்கும். உறையும்போது ஐஸ் ஊசி ஊசியா வளந்து உருண்டைய ஒடைக்காம இருக்க சர்க்கரை, அதாங்க நம்ம சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ், போடுறாங்க, அது கண்ணாடி மாதிரி சுத்தி நின்னுக்கும்.

கொழுப்பு உருண்டைன்னாலே ப்ரீசர்தான்னு நெனச்சுராதீங்க. 2018லயே ஆன்பாட்ரோன்னு ஒரு நரம்பு வியாதி மருந்து வந்துச்சு, அதுவும் இதே மாதிரி உருண்டைதான், 2லேர்ந்து 8 டிகிரில சாதாரணமா இருக்கு. உள்ள இருக்கிற ஆர்என்ஏ குட்டி, ரெட்டை இழை, கெமிக்கலா பலப்படுத்துனது, அதான் தாங்குது. பைசரும் அப்புறம் கரைசல மாத்துனாங்க, ஆரம்பத்துல பிரிட்ஜ்ல 5 நாள்னு இருந்தது 10 வாரமாச்சு. தண்ணியவே எடுத்து பொடியாக்கலாமேன்னு கேப்பீங்க, முயற்சி நடக்குது, ஆனா திரும்ப கரைக்கும்போது உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பெருசாயிரக் கூடாது, வேலையே அங்கதான் இருக்கு. அப்போ வந்த ஊதா மூடி போட்ட பைசர் பாட்டில நர்சுங்க இருமல் மருந்து மாதிரி குலுக்கவே இல்ல, 10 தடவை மெதுவா கவுத்து நிமுத்துனாங்க, உப்புத்தண்ணி 1.8 மில்லி சேத்து மறுபடி அதே மாதிரி 10 தடவை.